வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் முன்: ஸ்விஃப்ட் கோடைச் சரிபார்க்கப் பயனுள்ள குறிப்புகள்

மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் திருச்சியிலிருந்து ஜெர்மனிக்கு அனுப்பும் தந்தை, டொரண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு மருந்துச் செலவு அனுப்பும் மகன், துபாய்ச் சம்பளத்தில் ராமநாதபுரத்து வீட்டுக் கடனைக் கட்டுபவர் எல்லோருக்கும் வங்கிப் படிவத்தில் ஒரு கட்டம் காத்திருக்கிறது: ஸ்விஃப்ட் கோடு. பி.ஐ.சி. என்று எழுதியிருந்தாலும் அதுவேதான்.

ஆதார் எண்ணில் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். ஓர் எண்ணை மாற்றி அடித்தால் கணினி உடனே மறுத்துவிடும். ஸ்விஃப்ட் கோடில் அப்படி ஒன்று கிடையாது. நீங்கள் தவறாக அடித்த எழுத்து வேறொரு வங்கியின் கோடாக அமைந்துவிட்டால், கணினி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதனால் சரிபார்க்கும் வேலை அனுப்புபவரின் கண்ணுக்கு வந்து சேர்கிறது. அந்தக் கண்ணுக்கு உதவத்தான் இந்தக் குறிப்புகள்.

1. கோடைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். ஸ்விஃப்ட் கோடு 8 எழுத்தாக இருக்கும், அல்லது 11 எழுத்தாக இருக்கும். 9, 10, 12 என்று வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது கூடுதலாக ஒட்டியிருக்கிறது. முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும். அடுத்த இரண்டு நாடு. அதற்கடுத்த இரண்டு ஊர். கடைசி மூன்று இருந்தால் அது கிளை. பாரத ஸ்டேட் வங்கியின் கோடு எஸ்-பி-ஐ-என் என்று தொடங்கி, இந்தியாவுக்கான ஐ-என், மும்பைக்கான பி-பி என்று போகும். அதன்பின் வரும் மூன்று இலக்கம் எந்தக் கிளை என்று சொல்லும். கடைசி மூன்றும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று இருந்தால் தலைமை அலுவலகம் என்று பொருள். அந்த மூன்று எக்ஸ் இல்லாமல் வரும் 8 எழுத்துக் கோடும் அதே இடத்துக்குத்தான் போகும், பயப்பட வேண்டாம்.

2. ஐ.எஃப்.எஸ்.சி. வேறு, ஸ்விஃப்ட் வேறு. நம் வீடுகளில் அதிகம் நடக்கும் குழப்பம் இதுதான். காசோலையில் ஐ.எஃப்.எஸ்.சி. அச்சாகியிருக்கிறது. அதுவும் 11 எழுத்து. அதைப் படம் பிடித்து வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அனுப்பிவிடுகிறோம். அது இந்தியாவுக்குள் நடக்கும் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பரிமாற்றத்துக்கானது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் அது ஐ.எஃப்.எஸ்.சி. ஐந்தும் ஆறும் சேர்ந்து ஐ-என் என்று இருந்தால் அது இந்திய வங்கி ஒன்றின் ஸ்விஃப்ட் கோடு. காசோலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் 9 இலக்க எம்.ஐ.சி.ஆர். எண்ணுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சில வெளிநாட்டு வங்கிகள் இந்தியாவுக்கு அனுப்பும்போது இரண்டு கோடுகளையும் கேட்கும். அப்போது அந்தந்தக் கட்டத்தில் அந்தந்தக் கோடைக் கொடுங்கள்.

3. நாட்டின் இரண்டு எழுத்தை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் இது எல்லோருக்கும் புரியும். இலங்கைக்கு எல்-கே, சிங்கப்பூருக்கு எஸ்-ஜி, மலேசியாவுக்கு எம்-ஒய், அமெரிக்காவுக்கு யு-எஸ், அமீரகத்துக்கு ஏ-இ. ஜெர்மனிக்கு டி-இ. பிரிட்டனுக்கு யு-கே என்று எதிர்பார்ப்பீர்கள், கோடில் ஜி-பி என்றுதான் வரும். சி-எச் என்றால் சீனா அல்ல, சுவிட்சர்லாந்து, சீனாவுக்கு சி-என். ஆஸ்திரேலியாவுக்கு ஏ-யு, ஆஸ்திரியாவுக்கு ஏ-டி. இந்த இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். மெல்பர்னில் படிக்கும் பிள்ளைக்கு அனுப்பும் பணத்தில் ஆஸ்திரியாவின் எழுத்து இருக்கக் கூடாது.

4. பெயர் ஒத்த வங்கிகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். இலங்கை வங்கியின் கோடும் கொமர்ஷல் வங்கியின் கோடும் எட்டில் ஏழு எழுத்து ஒன்றேதான். முன்னதில் முதல் எழுத்து பேங்க் என்பதன் பி, பின்னதில் கொமர்ஷல் என்பதன் சி. மீதி சி-இ-ஒய்-எல்-கே-எல்-எக்ஸ் இரண்டுக்கும் பொது. ஓர் எழுத்து பிசகினால் பணம் கொழும்பில் வேறு வங்கியின் வாசலில் போய் நிற்கும். இரண்டுமே யாழ்ப்பாணத்தில் பலர் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. ஐ-டி-ஐ-பி என்று தொடங்கும் கோடைப் பார்த்ததும் ஐ.டி.பி.ஐ. வங்கி என்று கண் படித்துவிடும். அது சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் கோடு. ஐ.டி.பி.ஐ. வங்கியின் கோடு ஐ-பி-கே-எல் என்று தொடங்கும். பெயரை வைத்து எழுத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

5. ஒரே வங்கி, இரண்டு நாடு. இந்தியன் வங்கிக்குச் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் கிளைகள் உண்டு. டி.பி.எஸ். வங்கி சிங்கப்பூரிலும் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. முதல் நான்கு எழுத்து ஒன்றுதான், ஐந்தும் ஆறும் மாறும். வங்கியின் பெயரைத் தேடியதும் முதலில் கண்ணில் படும் கோடை எடுத்துவிடாதீர்கள். கணக்கு எந்த நாட்டில் திறக்கப்பட்டதோ அந்த நாட்டின் கோடே வேண்டும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. எச்.எஸ்.பி.சி. வங்கி பிரிட்டனில் தன் சில்லறை வாடிக்கையாளர் பிரிவை 2018-இல் தனி வங்கியாகப் பிரித்தது. அந்தக் கணக்குகளின் கோடு எச்-பி-யு-கே என்று தொடங்குகிறது. உலகெங்கும் எச்-எஸ்-பி-சி என்று பார்த்துப் பழகியவர்கள் இதைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடக் கூடாது.

6. கோடில் எண்ணைக் கண்டால் திருத்தாதீர்கள். முதல் ஆறு இடங்களில் எழுத்துகள்தான் வரும். ஆகவே அங்கே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது ஓ, பூஜ்யம் அல்ல. ஏழாவது இடத்திலிருந்து எண்களும் வரலாம். சவுத் இந்தியன் வங்கியின் கோடு இரண்டு 5-இல் முடிகிறது. நியூயார்க்கின் பெரிய வங்கிகள் பலவற்றின் கோடு 33 என்று முடியும். கையெழுத்தில் 5-ஐ எஸ் என்று படித்து, அச்சுப்பிழை என்று எண்ணி மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். வந்தது வந்தபடியே இருக்கட்டும், சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. கோடை எங்கிருந்து எடுப்பது? பணம் பெறுபவர் தன் நெட் பேங்கிங்கில் நுழைந்து எடுத்துத் தருவதுதான் முதல் தரம். அடுத்தது, அவருடைய கிளை எழுத்தில் தருவது. மூன்றாவது, வங்கியின் சொந்த இணையதளம். இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஸ்விஃப்ட் நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கும் பி.ஐ.சி. தேடும் வசதியில் போட்டுப் பாருங்கள். வங்கியின் பெயரும் ஊரும் வரும். உங்கள் கையிலிருக்கும் தாளோடு அது பொருந்த வேண்டும். எல்லா வங்கிக் கோடுகளையும் ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும் மற்ற தளங்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். செத்துப்போன கோடுகள் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

8. உங்கள் கிளைக்குக் கோடு இல்லையென்றால் கலங்க வேண்டாம். கும்பகோணத்தில் ஒரு சிறு கிளைக்குத் தனிக் கோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளிநாட்டுச் செலாவணியைக் கையாளும் கிளைகளுக்கு மட்டும் கோடு தருவது பல வங்கிகளின் வழக்கம். பணம் அந்த வழியாக வந்து, கணக்கு எண்ணைக் கொண்டு உங்கள் கிளைக்குச் சேரும். எந்தக் கோடைக் கொடுப்பது என்பதை உங்கள் கிளையில் கேட்டு எழுதி வாங்குங்கள். பக்கத்து ஊர்க் கிளையின் கோடை நாமாக எடுத்துக்கொள்வது கூடாது. கிராம வங்கிகள், கூட்டுறவு வங்கிகள் பலவற்றுக்குச் சொந்தமாக ஸ்விஃப்ட் கோடே இருக்காது. அங்கே மட்டும் கணக்கு வைத்திருப்பவர்கள், வெளிநாட்டுப் பணத்துக்கென்று ஒரு வணிக வங்கியில் கணக்குத் திறந்துகொள்வது நல்லது.

9. இணைந்துபோன வங்கிகளின் பழைய கோடு. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு சேர்க்கப்பட்டது. சிண்டிகேட் வங்கியின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. 2021 ஜூலை 1 முதல் செல்லாது. ஆனால் பீரோவில் இருக்கும் பாஸ்புக்கில் பழைய கோடு அப்படியே இருக்கிறது. லண்டனில் இருக்கும் அண்ணனின் செயலியில் அப்பாவின் கணக்கு எப்போதோ சேமித்து வைத்தபடியே இருக்கிறது. பெயர் மாறிய வங்கியில் கணக்கு உள்ள ஒவ்வொரு வீடும் வெளிநாட்டு உறவினரிடம் புதிய விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். அனுப்புபவரும் நீண்ட இடைவெளிக்குப் பின் அனுப்பும்போது, சேமித்ததை நம்பாமல் மறுபடியும் கேட்க வேண்டும்.

10. ஸ்விஃப்ட் கோடு மட்டும் போதாத நாடுகள். ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் கணக்கு எண்ணுக்குப் பதில் ஐபேன் கேட்பார்கள். அதன் நீளம் நாட்டுக்கு நாடு வேறு, ஆனால் ஒரு நாட்டுக்குள் மாறாது. ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் 22, அமீரகத்துக்கு 23, சவூதிக்கு 24, பிரான்ஸுக்கு 27, கத்தாருக்கு 29, குவைத்துக்கு 30. எண்ணிப் பாருங்கள். ஐபேனின் முதல் இரண்டு எழுத்து நாடு, அடுத்த இரண்டு சோதனை இலக்கம். ஆகவே ஐபேன் தவறினால் கணினியே தடுத்துவிடும். ஐபேனின் நாடும் ஸ்விஃப்ட் கோடின் நாடும் பொதுவாக ஒன்றாக இருக்கும், இல்லையென்றால் நிறுத்திக் கேளுங்கள்.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஐபேன் கிடையாது. இந்தியாவுக்கு அனுப்பும்போது செயலி ஐபேன் கேட்டால், பெரும்பாலும் நாட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அமெரிக்காவுக்கு 9 இலக்க ரவுட்டிங் எண்ணும் வேண்டும். அங்கே சில வங்கிகள் உள்நாட்டுச் சம்பளப் பட்டுவாடாவுக்கு ஓர் எண்ணும், வயர் பரிமாற்றத்துக்கு வேறோர் எண்ணும் வைத்திருக்கின்றன. வயர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

11. தாளில் இரண்டு ஸ்விஃப்ட் கோடு இருந்தால்? ஸ்விஃப்ட் என்பது 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய, வங்கிகளே உறுப்பினராக உள்ள கூட்டுறவு அமைப்பு. அது வங்கிகளுக்கிடையே செய்தியை மட்டுமே எடுத்துச் செல்கிறது, பணத்தை அல்ல. உங்கள் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லாவிட்டால், நடுவே ஒரு வங்கி நின்று பணத்தைக் கைமாற்றித் தரும். டாலர் என்றால் அது பெரும்பாலும் நியூயார்க் வங்கியாக இருக்கும். பல்கலைக்கழகங்களும் சில வங்கிகளும் தரும் தாளில் அந்த இடைவங்கியின் கோடும் சேர்ந்தே இருக்கும். அதைக் கொண்டுபோய்ப் பெறுபவரின் வங்கிக் கட்டத்தில் எழுதிவிட்டால், நியூயார்க்கில் அப்படி ஒரு கணக்கு இல்லை என்று பணம் நின்றுவிடும். நாட்டின் எழுத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கணக்குக்கு எல்-கே உள்ள கோடுதான் பெறும் வங்கி, யு-எஸ் உள்ளது இடைவங்கி. இடைவங்கிக் கட்டத்தைப் பெறுபவரின் வங்கி கேட்டாலொழிய நிரப்ப வேண்டாம், உங்கள் வங்கியே தேர்ந்துகொள்ளும்.

12. பெயர், வங்கிக் கணக்கில் உள்ளபடி. நம் பெயர்களுக்கு இது பெரிய சோதனை. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் பின்னால், வங்கியில் முதலெழுத்து முன்னால், கல்லூரிச் சான்றிதழில் முதலெழுத்து பின்னால் என்று ஒருவருக்கே மூன்று வடிவம் இருக்கிறது. வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அதை எழுத்தெழுத்தாக எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம்.

பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்ன செய்யும் என்பதற்கு 2016 பிப்ரவரியில் நடந்த ஒரு கொள்ளை சாட்சி. வங்கதேச மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்த திருடர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் அதற்கிருந்த கணக்கிலிருந்து பணம் எடுக்க ஸ்விஃப்ட் வழியே போலி உத்தரவுகள் அனுப்பினார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் சிக்கியது. பெறும் அமைப்பின் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற சொல் ஃபேன்டேஷன் என்று இருந்ததைக் கண்டு வழியில் ஒரு வங்கி விளக்கம் கேட்டதே காரணம். அன்று அந்தப் பிழை நல்லது செய்தது. உங்கள் மகளின் கட்டணத்தில் அதே போன்ற பிழை இருந்தால், கடைசித் தேதிக்கு முந்தின நாள் பணம் வழியில் நின்றுவிடும்.

13. "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், அப்படியே கையை எடுத்துவிடுங்கள். இந்தப் பட்டியலில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். கல்லூரிக் கட்டணம், வெளிநாட்டில் வீட்டு வாடகை முன்பணம், சரக்கு வாங்கும் சிறு வியாபாரியின் பாக்கி என எங்கெல்லாம் பெரிய தொகை போகுமோ, அங்கெல்லாம் மோசடிக்காரர்கள் நடுவில் புகுந்து பழைய கடிதத்தைப் போலவே ஒன்றை அனுப்புகிறார்கள். முத்திரை, கையொப்பம், மொழி எல்லாம் சரியாக இருக்கும். கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் கோடும் மட்டும் மாறியிருக்கும்.

அப்போது உதவுவது அந்த இரண்டு நாட்டெழுத்துதான். மான்செஸ்டர் கல்லூரிக்குக் கட்டணம் கேட்டு வேறொரு நாட்டின் கோடு வந்தால் சந்தேகப்படுங்கள். நேர்மையான காரணமும் இருக்கலாம்: வைஸ் நிறுவனம் தரும் யூரோ கணக்குகள் பெல்ஜியக் கோடைக் கொண்டவை, பாரிஸில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கக்கூடும். ஆனால் காரணத்தை நீங்கள் ஊகிக்கக் கூடாது, அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கல்லூரியின் தளத்திலோ உங்களிடம் முன்பே இருக்கும் தாளிலோ உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். நாட்டெழுத்து சரியாக இருந்தாலும் அழையுங்கள், திருடனுக்கும் அதே நாட்டில் கணக்கு இருக்கும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் இந்தியாவில் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், அதோடு வங்கிக்கும் ஓடுங்கள்.

14. போனில் சொல்லி எழுத வேண்டாம். ஆங்கில எழுத்துகளில் பலவும் காதில் ஒன்றுபோல் விழும். தமிழில் குறித்துக்கொண்டால் இன்னும் ஆபத்து, பாம்பே பி-யும் பூனா பி-யும் ஒரே எழுத்தாகிவிடும், டெல்லி டி-யும் திருச்சி டி-யும் அப்படியே. வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தாகவே தட்டி அனுப்பச் சொல்லுங்கள், படமும் கூடவே வரட்டும். வேறு வழியில்லாமல் போனில் சொன்னால் மெட்ராஸ் எம், நாக்பூர் என் என்று ஊரைச் சேர்த்துச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். ஒட்டி எடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்து வந்தால் சில செயலிகள் ஏற்காது, அதை நீக்கிவிடுங்கள்.

15. பெரிய தொகைக்கு முன் சிறிய தொகை. முதல்முறை அனுப்பும் கணக்கு, தொகை லட்சங்களில் இருக்கிறது, கையில் பத்து நாள் அவகாசமும் இருக்கிறது என்றால், ஒரு சிறு தொகையை அனுப்பிச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு மீதியை அனுப்புங்கள். இரண்டு முறை கட்டணம் ஆகும், அந்தச் செலவு தகும். மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் சிறு தொகைக்கு இது தேவையில்லை.

16. கட்டணம் யார் தலையில்? படிவத்தில் மூன்று தேர்வு இருக்கும்: எல்லாம் அனுப்புபவருக்கு, அவரவர் பக்கக் கட்டணம் அவரவருக்கு, எல்லாம் பெறுபவருக்கு. கல்லூரிக் கட்டணத்துக்கு முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இடைவங்கி எடுத்துக்கொள்ளும் சில டாலர் குறைந்து, கட்டணம் முழுதாகச் செலுத்தப்படவில்லை என்று கல்லூரி எழுதும்.

17. அனுப்பியபின் வாங்க வேண்டிய தாள். பணம் கிளம்பியதும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலை வங்கியிடம் கேளுங்கள். எம்.டி. 103 நகல் என்று பல ஆண்டுகளாகப் பழகிய பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். அதில் யு.இ.டி.ஆர். என்ற 36 எழுத்து அடையாளம் இருக்கும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட அதுதான் வழி. நகல் கையில் வந்ததும் நீங்கள் கொடுத்த கோடோடு அதிலுள்ள கோடை ஒப்பிடுங்கள். கவுன்டரில் தட்டச்சு செய்தவரும் மனிதர்தான்.

18. தவறு என்று தெரிந்தால். பெறும் வங்கியில் அந்தக் கணக்கு எண்ணே இல்லையென்றால் பணம் பெரும்பாலும் திரும்பிவரும். ஆனால் நடுவிலுள்ள வங்கிகள் கட்டணம் எடுத்துக்கொண்டிருக்கும், ரூபாயாக மாற்றும்போது அன்றைய விகிதத்தில்தான் வரும். கோடும் கணக்கு எண்ணும் வேறொருவருக்குப் பொருந்திப்போய் அவர் கணக்கில் பணம் வரவாகிவிட்டால், அவருடைய சம்மதம் இல்லாமல் அங்குள்ள வங்கி பொதுவாகத் திருப்பித் தராது. வரவாகும் முன் நிறுத்துவது எளிது. அதனால் பிழை தெரிந்தவுடன், அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், ஸ்விஃப்ட் நகலோடு கிளைக்குப் போய் பணத்தைத் திரும்ப அழைக்கும்படி எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.